ஒரே எச்சரிக்கை, பல வடிவம்

வடகிழக்குப் பருவமழைக் காலம் தொடங்கிவிட்டால் தமிழ்நாட்டில் இரண்டு வகை மழை பெய்கிறது. ஒன்று வானத்திலிருந்து, மற்றொன்று கைபேசியில். ஏரி திறப்பு, புயல் சின்னம், பள்ளி விடுமுறை, மின்தடை என்று ஒரே நாளில் நூறு செய்திகள் வந்து விழுகின்றன. அவற்றில் எது அரசு சொன்னது, எது அண்டை வீட்டார் ஊகித்தது, எது இன்றைக்கு உரியது, எது மூன்றாண்டுகளுக்கு முந்தையது என்று பிரித்தறிய முடியாமல் மக்கள் திகைக்கிறார்கள். வதந்தியைப் பரப்புகிறவர்களை நாம் தாராளமாகக் குறை சொல்கிறோம். ஆனால், உண்மையான செய்தி எந்த வடிவத்தில் மக்களிடம் போய்ச் சேர்கிறது என்பதை அதே அளவுக்கு ஆராய்வதில்லை.

அரசுத் துறைகளும் தன்னார்வ அமைப்புகளும் இன்று ஏறத்தாழ எல்லாச் சமூக ஊடகங்களிலும் இருக்கின்றன. பல நேரங்களில் அவை செய்வது ஒன்றே: கையொப்பமிட்ட செய்திக்குறிப்பைப் படம் பிடித்து, அதே படத்தை எக்ஸ், முகநூல், இன்ஸ்டகிராம், வாட்ஸ்அப் என எல்லா இடத்திலும் ஏற்றிவிடுவது. செய்தி வெளியிடப்பட்டுவிட்டது என்ற பதிவு அலுவலகக் கோப்பில் ஏறிவிடும். அது போய்ச் சேர்ந்ததா, புரிந்ததா, ஒருவரையேனும் வீட்டை விட்டு மேட்டுப் பகுதிக்கு நகர்த்தியதா என்பதற்கு அந்தக் கோப்பில் விடை இராது. ஒரே எச்சரிக்கையை ஊடகத்துக்கு ஊடகம் மாற்றி எழுதுவது விளம்பரத் துறையின் உத்தி என்று பலர் நினைக்கிறார்கள். பேரிடர் காலத்தில் அது உயிர் காக்கும் வேலை என்பதே என் கருத்து.

கூண்டு சொல்லும் பாடம்

நாளிதழ் வாசகர்களுக்கு மிகவும் பழகிய ஒரு தொடரை எடுத்துக்கொள்வோம்: ‘துறைமுகத்தில் 1ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது.’ கூம்பும் உருளையுமான வடிவங்களைப் பகலிலும், விளக்குகளை இரவிலும் கம்பத்தில் ஏற்றித் துறைமுகங்கள் காட்டும் குறியீட்டு மொழி அது. நமது நாட்டில் இத்தகைய துறைமுக எச்சரிக்கை முறை 1865இல் கொல்கத்தாவில் தொடங்கியது. 1 முதல் 11 வரை எண்கள் உண்டு. தொலைவில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகியிருக்கிறது, துறைமுகத்துக்கு உடனடி பாதிப்பு இல்லை என்பது முதல் எண். கடும் புயல் துறைமுகத்தின் மீதோ மிக அருகிலோ கடக்கும் என்பது பத்தாம் எண்.

கப்பல் தலைவருக்கு இந்த எண் ஒன்றே போதும். ஆயிரம் சொற்களைவிட அது துல்லியமானது. ஆனால், அதே எண்ணை அப்படியே தொலைக்காட்சியின் அடிவரியிலும் முகநூலிலும் போடும்போது, கடற்கரைக் குடியிருப்பில் வாழும் ஒரு குடும்பத்துக்கு அது எதையும் சொல்வதில்லை. ‘மூன்றாம் எண் கூண்டு’ என்றதும் ஒருவர் பதறுகிறார். மற்றொருவர் வழக்கமானதுதான் என்று திரும்பிப் படுக்கிறார். செய்தியில் பிழை இல்லை. அது எழுதப்பட்டது மாலுமிக்கு. போய்ச் சேர்ந்தது குடும்பத் தலைவிக்கு. ஊடகத்துக்கேற்ப மாற்றுதல் என்பது இந்த இடைவெளியை நிரப்புவதுதான்.

இந்தக் குறியீட்டில் நான் மிகவும் மதிப்பது பதினோராம் எண். புயல் எச்சரிக்கை மையத்துடன் தகவல் தொடர்பு அறுந்துவிட்டது என்பது அதன் பொருள். தகவல் வராத நிலையையும் ஒரு தகவலாக அறிவித்துவிட வேண்டும் என்று அன்றே எண்ணியிருக்கிறார்கள். நமது சமூக ஊடகக் கணக்குகளில் இல்லாதது இதுதான். கடைசிப் பதிவு மாலை 4 மணிக்கு வந்திருக்கும். பிறகு ஆறு மணி நேரம் மௌனம். ஆபத்து நீங்கியதால் மௌனமா, ஆள் இல்லாததால் மௌனமா என்று யாருக்கும் தெரியாது. ‘அடுத்த அறிவிப்பு இரவு 10 மணிக்கு’ என்ற ஒரு வரி அந்தக் குழப்பத்தைத் தீர்க்கும்.

மாறக் கூடாதவை

எதை மாற்றலாம் என்பதற்கு முன்பு, எதை மாற்றவே கூடாது என்று வரையறுத்துக்கொள்ள வேண்டும். எச்சரிக்கை கிடைத்தவுடன் மக்கள் எழுந்து ஓடுவதில்லை. வேறொருவரைக் கேட்கிறார்கள், தொலைக்காட்சியைப் போடுகிறார்கள், இன்னொரு குழுவில் பார்க்கிறார்கள். இரண்டாவது இடத்திலும் அதே செய்தி இருந்தால்தான் நம்பி நகர்கிறார்கள். பேரிடர் ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லும் மனித இயல்பு இது. எனவே, வாட்ஸ்அப்பில் ‘காலை 6 மணி’ என்றும், முகநூலில் ‘அதிகாலை’ என்றும், இன்ஸ்டகிராமில் ‘இன்னும் சில மணி நேரத்தில்’ என்றும் இருந்தால், மூன்றும் ஒரே அலுவலகத்திலிருந்து வந்திருந்தாலும் மக்கள் அவற்றை மூன்று வெவ்வேறு செய்திகளாகவே கொள்வார்கள். ஒன்றையொன்று உறுதிப்படுத்த வேண்டியவை ஒன்றையொன்று ஐயத்துக்குள்ளாக்கிவிடும்.

ஆகவே, மூலச் செய்தியில் ஆறு கூறுகள் சொல் பிசகாமல் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும்: என்ன ஆபத்து, எந்த இடத்தில், எப்போது, என்ன செய்ய வேண்டும், சொல்வது யார், எப்போது சொன்னார். இதற்கு மேற்பட்ட விளக்கம், படம், தொனி, நீளம் ஆகியவை மாறலாம்.

இது புதிய கண்டுபிடிப்பு அன்று. ‘பொது எச்சரிக்கை நெறிமுறை’ என்ற பன்னாட்டுத் தரம் 2004இலேயே உருவானது. அவசரம், கடுமை, உறுதித்தன்மை, பகுதி, செயல்குறிப்பு என்று தனித்தனிக் கட்டங்களில் செய்தியை ஒருமுறை நிரப்பினால், அதிலிருந்தே குறுஞ்செய்தி, வானொலி, இணையதளம் என எல்லா வழிகளுக்கும் உரிய வடிவங்களை எடுத்துக்கொள்ள முடியும். இந்தியாவில் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ‘சசேத்’ தளம் இந்த நெறிமுறையில்தான் இயங்குகிறது. நெறிமுறை இயந்திரங்களுக்கானது. அதன் கட்டங்களில் எழுதப்படும் தமிழ் மனிதர்களுக்கானது. இயந்திரப் பகுதியை நாம் செய்துமுடித்துவிட்டோம். தமிழ்ப் பகுதிதான் இன்னும் பாதியில் நிற்கிறது.

ஓர் ஏரி திறக்கிறது

தன்னார்வலர்களுக்கான பயிற்சி வகுப்புகளில் நான் தரும் முதல் பயிற்சி ஒரு கற்பனை அறிவிப்புதான். பெயரில்லாத ஓர் ஏரி. அதன் கீழே ஓர் ஆறு. அறிவிப்பு நமது வழக்கமான நடையில் இப்படி இருக்கும்:

‘ஏரிக்கு நீர்வரத்து தொடர்ந்து அதிகரித்துவருவதைக் கருத்தில்கொண்டு, ஏரியின் பாதுகாப்பு கருதி, டிசம்பர் 4 காலை 6 மணி முதல் விநாடிக்கு 3,000 கன அடி உபரிநீர் திறந்துவிடப்படவுள்ளதால், ஆற்றின் இரு கரைகளிலும் தாழ்வான பகுதிகளில் வசிக்கும் பொதுமக்கள் அனைவரும் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.’

இலக்கணப் பிழை இல்லாத வாக்கியம். ஆயினும், நான்கு கேள்விகளுக்கு இதில் விடையில்லை. என் தெரு தாழ்வான பகுதியா? பாதுகாப்பான இடம் எது? எத்தனை மணிக்குள் போக வேண்டும்? 3,000 கன அடி என்றால் என் வாசலுக்கு வருமா, வராதா? ஒரு கன அடி என்பது ஏறத்தாழ 28 லிட்டர். அப்படியானால் விநாடிக்குச் சுமார் 85,000 லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் ஏழு ஒவ்வொரு விநாடியும் கவிழ்வதற்குச் சமம். பொறியாளருக்குக் கன அடி தேவை. கரையோரத்தில் இருப்பவருக்கு எந்தத் தெரு வரை நீர் வரும் என்பதுதான் தேவை.

2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வெளியேற்றப்பட்ட நீர் விநாடிக்கு 29,000 கன அடியை எட்டியது. நீர்த்தேக்கத்தின் உயரம், கொள்ளளவு, வெளியேற்றம் எல்லாம் எண்களாக இருந்தன. அடையாற்றின் கரையில் எந்தக் குடியிருப்பின் எந்தத் தளம் வரை நீர் ஏறும் என்று அவ்வெண்களை மொழிபெயர்த்துச் சொல்லும் செய்தி, உறங்கப் போன மக்களிடம் இல்லை. ஏரித் திறப்பு குறித்த நிர்வாக விவாதங்கள் நீண்ட காலம் நடந்தன. எச்சரிக்கையின் மொழி குறித்த விவாதம் அந்த அளவுக்கு நடக்கவில்லை.

எழுபது குறிகளுக்குள்

மேற்கண்ட அறிவிப்பை முதலில் குறுஞ்செய்தியாக்கிப் பார்ப்போம். சமூக ஊடகம் என்று நாம் சொல்லும்போது இணையம் இருப்பதாகவே எண்ணிக்கொள்கிறோம். பேரிடரில் முதலில் போவது மின்சாரமும் இணையமும்தான். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, தூத்துக்குடி மாவட்டத்தின் பல ஊர்கள் தகவல் தொடர்பின்றித் துண்டிக்கப்பட்டன. அந்த நிலைக்கு முன்பே போய்ச் சேர்ந்திருக்க வேண்டியது சாதாரணக் கைபேசியிலும் திறக்கும் குறுஞ்செய்தி.

இங்கே தமிழுக்கென்று ஓர் இடர் உண்டு. ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 குறிகள். தமிழுக்கு யூனிகோடு முறையில் 70 மட்டுமே. அதிலும் நாம் ஓரெழுத்தாகக் காண்பதைக் கணினி இரண்டாக எண்ணுகிறது. ‘ம்’ என்பது மகரமும் புள்ளியும். ‘பா’ என்பது பகரமும் காலும். ‘செம்பரம்பாக்கம்’ நம் கண்ணுக்கு ஒன்பது எழுத்து; கணினிக்குப் பதினைந்து குறி. நமது அறிவிப்பு வாக்கியமோ 300 குறிகளைத் தாண்டுகிறது. அது ஐந்து துண்டுகளாகப் பிரிந்து பயணிக்க வேண்டும்.

பயிற்சி வகுப்பில் நாங்கள் வந்தடைந்த வடிவம் இது: ‘டிச.4 காலை 6: ஆற்றில் வெள்ளம். கரையை விட்டுப் பள்ளிக்குச் செல்க. 1077’. இடைவெளிகளையும் சேர்த்து 69 குறிகள். குறிப்பிட்ட பகுதியின் கோபுரங்கள் வழியே அனுப்பினால், பெறுகிறவர் அந்த இடத்தில் இருப்பவர்தான். ஊர்ப் பெயரை விட்டுவிடலாம். ‘உபரிநீர்’ போய் ‘வெள்ளம்’ வந்தது. ‘கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என்ற 27 குறிச் சொல் போய் ‘செல்க’ என்ற ஐந்து குறிச் சொல் வந்தது. மரியாதை குறைந்துவிட்டதாக ஒரு பயிற்சியாளர் வருந்தினார். வெள்ளம் வரும் நேரத்தில் தெளிவாகச் சொல்வதே மரியாதை என்று இன்னொருவர் பதில் சொன்னார்.

வாட்ஸ்அப்: தேதியைத் தொலைக்கும் ஊடகம்

தமிழ்நாட்டில் எச்சரிக்கைகள் அதிகம் கைமாறுவது வாட்ஸ்அப்பில். இதன் அடிப்படைத் தன்மை ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு செய்தி முன்னனுப்பப்படும்போது முதலில் எழுதியவர் பெயரும் எழுதிய நேரமும் உதிர்ந்துவிடுகின்றன. கையில் வந்து சேர்ந்த நேரம் மட்டுமே தெரியும். ‘நாளை காலை ஏரி திறப்பு’ என்ற செய்தி பத்து நாள் கழித்து ஒருவருக்கு வந்தால், அதுவும் ‘நாளை’தான். ஆகவே, வாட்ஸ்அப்புக்கு எழுதும்போது இன்று, நாளை, இன்றிரவு போன்ற சொற்களைத் தடைசெய்துவிட வேண்டும். கிழமையும் தேதியும் செய்திக்குள்ளேயே இருக்க வேண்டும். வடிவம் இப்படி அமையலாம்:

‘மாவட்ட நிர்வாகத்தின் வெள்ள எச்சரிக்கை. வெளியிட்ட நேரம்: டிசம்பர் 3, இரவு 7 மணி. டிசம்பர் 4, வியாழன் காலை 6 மணிக்கு ஏரி திறக்கப்படுகிறது. பழைய பாலம் முதல் ரயில் பாலம் வரை ஆற்றின் இரு கரைத் தெருக்களிலும் இருப்பவர்கள் காலை 5 மணிக்குள் அரசு மேல்நிலைப் பள்ளிக்குச் செல்லவும். உதவிக்கு 1077. அடுத்த அறிவிப்பு டிசம்பர் 3, இரவு 10 மணிக்கு. இச்செய்தி டிசம்பர் 4 இரவு வரை மட்டுமே செல்லும்.’

கடைசி வரி முக்கியம். மருந்துக்குக் காலாவதி நாள் அச்சிடுவதைப் போல எச்சரிக்கைக்கும் அச்சிட வேண்டும். குழந்தை கடத்தல் வதந்தியால் 2018இல் பல மாநிலங்களில் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்ட பிறகு, அந்நிறுவனம் இந்தியாவில் முன்னனுப்புதலை ஒரு நேரத்தில் ஐந்து உரையாடல்களாகக் கட்டுப்படுத்தியது. பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கே அனுப்பலாம் என்ற வரம்பு 2020இல் வந்தது. வதந்திக்கு விழுந்த இந்தப் பூட்டு உண்மைச் செய்திக்கும் சேர்த்தே விழுந்திருக்கிறது என்பதை மறக்கலாகாது. எனவே, ஒரே குழுவில் இட்டு அது தானாகப் பரவும் என்று காத்திராமல், தெருவுக்கொருவர் என்று பொறுப்பாளர்களை முன்கூட்டியே அமைத்துக்கொள்வதே வழி.

எழுத்து வாசிக்காதவர்களுக்குக் குரல் பதிவு தேவை. அங்கும் இதே விதிதான். ‘எல்லாரும் கவனிங்க’ என்று தொடங்காமல், பேசுபவர் பெயர், பொறுப்பு, தேதி, நேரம் ஆகியவற்றை முதல் வரியில் சொல்லிவிட வேண்டும். பெயரற்ற பதற்றக் குரலைப் போல விரைவாகப் பரவுவது வேறெதுவும் இல்லை.

எக்ஸ், முகநூல், காணொளி

எக்ஸ் தளத்தின் பயனர்கள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் செய்தியாளர்கள், அதிகாரிகள், மீட்புக் குழுவினர் அங்கே இருக்கிறார்கள். ஆகவே, அங்கே எழுதுவது கரையோரக் குடும்பத்துக்கு என்பதைவிட அந்தக் குடும்பத்துக்கு உதவக்கூடியவருக்கு என்று கொள்ளலாம். கட்டணமில்லாப் பயனருக்கு ஒரு பதிவுக்கு 280 குறிகள். நமது அறிவிப்பு வாக்கியம் அதற்குள்ளும் அடங்காது. தொடராக எழுதினால் ஒவ்வொரு பதிவும் தனியே மறுபகிர்வாகும். நான்காம் பதிவை மட்டும் பார்ப்பவருக்கும் இடமும் தேதியும் தெரிய வேண்டும். 2015 வெள்ளத்தில் ‘சென்னை ரெயின்ஸ்’ என்ற குறிச்சொல்லின் கீழ் அறிமுகமற்ற மனிதர்கள் ஒருவருக்கொருவர் அடைக்கலம் தந்தார்கள். அதே வேளையில், மீட்கப்பட்டுவிட்டவர்களுக்கான கோரிக்கைகளும் சுற்றிக்கொண்டே இருந்தன. உதவி கோரும் பதிவில் முகவரி, ஆள் எண்ணிக்கை, நேரம் மூன்றும் இருக்க வேண்டும் என்பதும், மீட்பு முடிந்ததும் அதே பதிவின் கீழ் அதைச் சொல்லிவிட வேண்டும் என்பதும் அந்த ஆண்டு கற்ற பாடங்கள்.

முகநூலின் தன்மை வேறு. அங்கே பதிவுகள் கால வரிசையில் வருவதில்லை. நேற்றைய பதிவு இன்று காலை முதலிடத்தில் நிற்கலாம். இது குறை. இதற்கு ஈடாக ஒரு வசதியும் உண்டு: மூலப் பதிவைத் திருத்தினால், அதைப் பகிர்ந்தவர்களின் பக்கத்திலும் திருத்தம் தெரியும். வாட்ஸ்அப்பில் முன்னனுப்பப்பட்ட படிகளை மூலத்தில் திருத்தினாலும் அவை மாறா, போனது போனதுதான். ஆகவே, முகநூலில் நிகழ்வுக்கு ஒரே பதிவு என்று வைத்துக்கொண்டு, முதல் வரியில் ‘இரவு 10 மணிக்குப் புதுப்பிக்கப்பட்டது’ என்று எழுதி அதையே வளர்த்துச் செல்லலாம். விளக்கத்துக்கும் அங்கே இடம் உண்டு. ‘தமிழ்நாடு வெதர்மேன்’ என்ற பெயரில் எழுதும் பிரதீப் ஜானுக்கு முகநூலில் பெரும் வாசகப் பரப்பு அமைந்ததற்கு, மேகக்கூட்டம் எங்கே நிற்கிறது, ஏன் நகர்கிறது என்று பேச்சு நடையில் காரணம் சொன்னது முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். காரணம் தெரிந்தவர் எளிதில் பதற மாட்டார். அலட்சியமாகவும் இருக்க மாட்டார்.

இன்ஸ்டகிராம், யூடியூப் குறுங்காணொளிகளில் முதல் சில விநாடிகளுக்குள் விரல் அடுத்ததற்குப் போய்விடும். பலர் ஒலியின்றிப் பார்க்கிறார்கள். எனவே, வணக்கமும் முகவுரையும் அங்கே பயனற்றவை. முதல் காட்சியிலேயே ஊர், தேதி, செய்ய வேண்டியது ஆகிய மூன்றும் பெரிய எழுத்தில் வர வேண்டும். குறுங்காணொளிகள் பல நாள் கழித்தும் திரையில் தோன்றும் என்பதால், தேதி காட்சியின் மூலையில் கடைசி வரை நிற்க வேண்டும். மாறாக, இன்ஸ்டகிராமின் ‘ஸ்டோரி’ 24 மணி நேரத்தில் தானாக மறைந்துவிடும். பண்டிகை வாழ்த்துக்குப் பயன்படுத்தும் அந்த வசதி, காலாவதியாக வேண்டிய எச்சரிக்கைக்கு மிகப் பொருத்தமானது. செய்திக்குறிப்பைப் படமாக மட்டும் ஏற்றும் வழக்கம் பார்வையற்றவர்களை முற்றிலும் புறந்தள்ளுகிறது. அவர்களின் திரைவாசிப்பு மென்பொருள் எழுத்தை வாசிக்கும். படத்துக்குள் இருக்கும் எழுத்தில் தடுமாறும். படத்தின் கீழே அதே செய்தியை எழுத்தாகவும் இடுவதற்கு இரண்டு நிமிடம் போதும்.

வடிவம் மாறும்போது எடை மாறலாமா?

மாற்றி எழுதுவதில் ஆபத்தும் உண்டு. சுருக்கும்போது உறுதித்தன்மை கூடிவிடுகிறது. ‘வாய்ப்புள்ளது’ என்பது ‘பெய்யும்’ ஆகிறது. ‘ஓரிரு இடங்களில்’ என்பது உதிர்ந்து மாவட்டம் முழுவதும் நனைந்துவிடுகிறது. ‘ரெட் அலர்ட்’ என்ற தொடர் இதற்குச் சிறந்த சான்று. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வண்ணங்கள் செயலுக்கான குறிப்புகள்: பச்சைக்கு நடவடிக்கை தேவையில்லை, மஞ்சளுக்குக் கவனித்திருக்க வேண்டும், ஆரஞ்சுக்குத் தயாராக வேண்டும், சிவப்புக்குச் செயலில் இறங்க வேண்டும். மழை அளவுக்குத் தனி வரையறை உண்டு: 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் கனமழை, 115.6 முதல் மிகக் கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதி கனமழை. திகிலிசையோடு வரும் காணொளியில் இந்தப் படிநிலைகள் எல்லாம் கரைந்து சிவப்பு நிறம் மட்டும் மிஞ்சுகிறது.

2024 அக்டோபரில் சென்னைக்குச் சிவப்பு எச்சரிக்கை வந்தபோது, வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பலர் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. வெள்ளத்தில் வாகனத்தை இழந்த அனுபவம் உள்ளவர்கள், எச்சரிக்கையைத் தங்களுக்குத் தெரிந்த செயலாக மொழிபெயர்த்துக்கொண்டார்கள். எதிர்பார்த்த அளவு மழை வராதபோது ‘வெறும் பீதி’ என்ற பேச்சு எழுந்தது. அடுத்த எச்சரிக்கையின் நம்பகத்தன்மையிலிருந்து அந்தப் பேச்சு ஒரு பங்கைக் கழித்துவிடும். ஆபத்து நீங்கியது என்று சொல்லும் செய்தியும், கணிப்பு ஏன் மாறியது என்ற விளக்கமும் எச்சரிக்கை சென்ற அத்தனை வழிகளிலும் அதே முனைப்போடு செல்ல வேண்டும். பெரும்பாலும் அவை செல்வதே இல்லை.

அதே 2015இல், முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பி வெள்ளத்தில் வந்துவிட்டன என்ற புரளி சென்னை முழுவதும் பரவியது. பண்ணை நிர்வாகம் மறுத்தது. புரளி வேகமாகப் பரவியதற்கு அதன் வடிவமே காரணம்: சிறியது, காட்சியாக மனத்தில் நிற்பது, எந்த ஊடகத்திலும் உடையாமல் பயணிப்பது. உண்மைச் செய்தியை எழுதுகிறவர்கள் புரளியிடமிருந்து கற்க வேண்டிய ஒரே பாடம் அதன் சுருக்கம்.

எல்லா வாசலும் இணையம் அல்ல

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் கன்னியாகுமரியைத் தாக்கியபோது, ஆழ்கடலில் தங்கி மீன்பிடிக்கப் பல நாள் முன்பே சென்றிருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. கரையில் எத்தனை ஊடகங்களில் அறிவித்தாலும் கைபேசிக் கோபுரம் எட்டாத கடலில் அவை ஒன்றும் இல்லை. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கான மீனவக் குடும்பங்கள் தங்கள் ஆண்களை இழந்தன. அதன் பிறகே, செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கை அனுப்பும் கருவிகள் மீனவர்களுக்கு வழங்கப்படலாயின. எச்சரிக்கையை எப்படி எழுதுவது என்று யோசிப்பதற்கு முன்பு, யாருக்கு இது எட்டாது என்ற பட்டியலை எழுத வேண்டும் என்பது ஒக்கி விட்டுச்சென்ற பாடம். அந்தப் பட்டியலில் தமிழ் வாசிக்காத வடமாநிலத் தொழிலாளர்கள், தனித்து வாழும் முதியவர்கள், செவித்திறன் அற்றவர்கள் எல்லாரும் இடம்பெறுவார்கள்.

செய்தியை மக்களிடம் கொண்டுசேர்ப்பது நமக்குப் புதிய கலையன்று. மணிமேகலையின் முதல் காதையே இந்திர விழாவை யானை மீது முரசறைந்து அறிவிப்பதுதான்; எதைச் செய்ய வேண்டும், எதைத் தவிர்க்க வேண்டும் என்று அந்த அறிவிப்பு சொல்கிறது. ஊர்தோறும் தண்டோரா போடும் வழக்கம் அண்மைக்காலம் வரை இருந்தது. அந்தப் பணியைக் குறிப்பிட்ட சமூகத்தார் மீது சுமத்திய இழிவைக் களையும் நோக்கில், தண்டோராவைக் கைவிட்டு ஒலிபெருக்கி வாகனங்களைப் பயன்படுத்துமாறு தமிழ்நாடு அரசு 2022இல் அறிவுறுத்தியது; மிகச் சரியான முடிவு. அந்த வழக்கத்தில் இருந்த ஒரு நன்மையை மட்டும் நாம் வேறு வடிவில் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். தெருமுனையில் நின்று அறிவித்தவரிடம் ‘எங்க தெருவுக்குமா?’ என்று கேட்க முடிந்தது. இன்றைய பதிவுகளின் கீழே அதே கேள்வியை நூறு பேர் கேட்கிறார்கள். விடை சொல்ல ஆள் இல்லை.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை ஒவ்வொன்றிலும், பருவமழை தொடங்குவதற்கு முன்பே, ஏரி திறப்பு, புயல், மின்தடை, குடிநீர் மாசு ஆகியவற்றுக்கான மாதிரிச் செய்திகளைக் குறுஞ்செய்தி முதல் காணொளி வரை எல்லா வடிவிலும் எழுதி, ஊர்ப் பெயருக்கும் தேதிக்கும் மட்டும் இடம்விட்டுத் தயாராக வைத்திருக்கலாம். அவற்றைக் கரையோரத் தெருக்களில் பத்துப் பேரிடம் வாசித்துக்காட்டி, என்ன புரிந்தது என்று திருப்பிச் சொல்லச் சொல்லலாம். ஒவ்வோர் எச்சரிக்கைக்கும் வரிசை எண் தந்து, அந்த எண்ணைச் சொன்னால் உண்மையா என்று 1077இல் சரிபார்த்துச் சொல்லும் ஏற்பாட்டைச் செய்யலாம். கருத்துப் பெட்டியில் வரும் கேள்விகளுக்கு விடையளிக்க மழை நாட்களில் இருவரை அமர்த்தலாம். நள்ளிரவில் ஏரி நிரம்பும்போது வாக்கியம் அமைக்க யாருக்கும் நேரம் இருக்காது. அந்த வேலையை வெயில் அடிக்கும் மாதங்களிலேயே முடித்துவைக்க வேண்டும்.